தினமும் ஒன்பது மணி நேரம்

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் துலக்கினான். ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சிக் குடித்தான். குளித்தான். கொடியில் கிடந்த சட்டையை இஸ்திரி போடாமலே மாட்டிக்கொண்டான். அடுப்பை அணைத்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்தான். அலமாரியிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டைப் பூட்டினான்.

டப்பாவுக்குள் மனைவியின் காது மெஷின்கள் இரண்டும் இருந்தன. ஆஸ்பத்திரி இரவலாகக் கொடுத்தவை. அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. இறுதிச் சடங்கு முடிந்த மறுநாளே பேட்டரிகளைக் கழற்றித் தூர எறிந்துவிட்டான். ஆனால் வாரம் தவறாமல் அவள் பெயருக்குக் குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது. ‘பரிசோதனை நாள் கடந்துவிட்டது. மெஷினுடன் நேரில் வரவும்.’ அது பதில் அனுப்ப முடியாத எண். மெஷினைக் கொடுத்து ஆஸ்பத்திரிக் கோப்பை மூடினால்தான் அது நிற்கும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இது மூன்றாவது நடை. முதல் முறை, காதைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் விடுப்பு. இரண்டாம் முறை, இறப்புச் சான்றிதழில் முத்திரை மங்கலாக இருக்கிறதாம்.

காதுப் பிரிவு தரைத்தளத்தில், நீண்ட வராந்தாவின் கடைசியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. பகல் பத்து மணிக்கும் குழல் விளக்கு எரிந்தது. பினாயில் நெடி. பெஞ்சு நிறைய ஆட்கள். கவுன்ட்டர் பெண் டோக்கன் எண்ணை வாயால் கூப்பிட்டாள். ஒருவரும் அசையவில்லை.

பக்கத்திலிருந்த வழுக்கைத் தலைக்காரர் அவன் முழங்கையை இடித்தார்.

“காது கேக்காதவங்களை வாயால கூப்பிடுறாங்க பாத்தீங்களா? போர்டு வைங்கம்மான்னு ஆறு வருஷமா கத்துறேன். அவங்களுக்கும் கேக்கல.”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவன் முறை வந்தது.

“பேஷன்ட் எங்க?” என்றாள் கவுன்ட்டர் பெண்.

“இறந்துட்டாங்க. போன தடவையே சொன்னேன்.”

“அப்ப திருப்பித் தர்ற ஃபாரத்துல யாரு கையெழுத்து போடுவாங்க?”

“நான்.”

“மெஷின் வாங்கினது அவங்கதானே?”

அவன் சான்றிதழை நீட்டினான். இந்த முறை முத்திரை கருகருவென்று இருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே கையைக் காட்டினாள். “ஆடியாலஜிஸ்ட் செக் பண்ணி எழுதிக் குடுக்கணும். போங்க.”

ஆடியாலஜிஸ்டுக்கு அவன் வயதுதான் இருக்கும். பேட்டரி போடும் மூடியைத் திறந்து, இரண்டும் காலியாக இருப்பதைப் பார்த்தாள். புதிதாக இரண்டு போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். மெஷினை எத்தனை மணி நேரம் போட்டுக்கொள்கிறார்கள் என்பதை அதுவே குறித்துவைக்குமாம். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“பரவாயில்லையே! நிறையப் பேரு வாங்கி டிராயர்ல போட்டுடுவாங்க. உங்க வீட்ல தினமும் ஒன்பது மணி நேரம் போட்டுக்கிறாங்க. நேத்து வரைக்கும்.”

அவன் அவளையே பார்த்தான்.

“அவ செத்து நாலு மாசம் ஆச்சுங்க.”

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. “மன்னிச்சுக்கங்க சார். வேற யாராவது போட்டுக்கிறாங்களா?”

“வீட்ல நான் மட்டும்தான். பேட்டரியே இல்லைன்னு நீங்களே பாத்தீங்க.”

“சாஃப்ட்வேர் கோளாறா இருக்கும்.” அழித்துவிட்டு மறுபடி இணைத்தாள். ஒன்பது மணி நேரம். இன்னொரு முறை அழித்தாள். ஒன்பது மணி நேரம். சலித்துப்போய் மௌஸை மேசையில் தட்டினாள். பிறகு திரைக்குக் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சார், சுத்தி என்ன சத்தம் இருந்துச்சுன்னும் இது குறிச்சுவைக்கும். பேச்சு, இரைச்சல், பாட்டு... இதுல எதுவுமே இல்ல. நாலு மாசமா வெறும் நிசப்தம்.”

“நான் வீட்ல பேசறதில்ல.”

“வால்யூம் மட்டும் வாரா வாரம் ஏறிட்டே வந்திருக்கு. எதையோ கேட்கணும்னு ரொம்பச் சிரமப்படுறவங்கதான் இப்படி ஏத்துவாங்க.”

மறுபடி கவுன்ட்டருக்கு வந்தான். கவுன்ட்டர் பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தன் திரையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

“உபயோகத்துல இருக்கு சார். உபயோகத்துல இருக்கிற மெஷினத் திரும்ப வாங்க சிஸ்டம் விடாது. பேஷன்ட் பயன்படுத்தறத நிறுத்தி ஒரு மாசம் ஆகணும்.”

“பேஷன்ட் இறந்துட்டா.”

“அது சர்டிஃபிகேட்ல இருக்கு. சிஸ்டத்துல இல்லையே.”

“அவ செத்துட்டாம்மா!”

கத்திவிட்டான். வராந்தாவில் அத்தனை தலைகளும் திரும்பின. மெஷின் போடாத காதுகளுக்கும் அது கேட்டது. வழுக்கைத் தலைக்காரர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆடியாலஜிஸ்ட்தான் வந்து அவன் தோளைத் தொட்டு அழைத்துப் போனாள்.

“ஒரு வழி இருக்கு சார். சத்தம் புகாத அறையில மெஷின வெச்சுட்டு நீங்க கூட உக்காருங்க. பத்து நிமிஷம். யாரும் போட்டுக்கலன்னு பதிவானா, அத வெச்சு மேலதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கி நானே கோப்ப மூடிடுறேன்.”

அந்த அறைக்கு இரட்டைக் கதவு. சுவரெல்லாம் துளையிட்ட பலகை. ஒரு நாற்காலி, ஒரு முக்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கதவு மூடியதும் உலகம் அறுந்து விழுந்தது போல இருந்தது. தன் இதயம் அடிப்பது அவனுக்கே கேட்டது.

முக்காலியில் கிடந்த மெஷின்கள் மெல்லக் கூவ ஆரம்பித்தன. அதில் பயப்பட ஒன்றுமில்லை. காதுக்கு வெளியே கிடந்தால் அவை அப்படித்தான் விசில் அடிக்கும். காதின் அளவுக்குச் செய்த அச்சு உள்ளே சரியாகப் பொருந்தியதும் நின்றுவிடும். ஐந்து வருடம் தினமும் காலையில் கேட்ட சத்தம்தான்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இடது மெஷினின் விசில் நின்றது.

சிறிது நேரம் கழித்து, வலது மெஷினும் நின்றது.

அவள் எப்போதும் இடது காதில்தான் முதலில் மாட்டுவாள்.

மெஷின்கள் முக்காலியிலேயே கிடந்தன. அவன் கைகள் மடியில் இருந்தன. சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

“சார்... ஏன் கையில எடுத்தீங்க?”

“எடுக்கல.”

“காதுல இருக்குன்னு காட்டுது சார். வால்யூம் ஏறுது. நான் எதையும் தொடல. அஞ்சு... ஆறு... ஏழு. அதுக்கு மேல போகாது. சார், வெளிய வந்துடுங்க.”

அவன் எழவில்லை. வாயைத் திறந்தான். மனைவிக்கு எதைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கொடுக்கத்தான் அவனிடம் அது இல்லை.

‘நேரத்துக்குச் சாப்பிடுங்க’ என்றுதான் அவள் கடைசியாகச் சொன்னதாக மாமியாரிடமும், அக்காவிடமும், வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அது பொய். அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பி வாசல்வரை போய்விட்டாள். அவன் பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி எதையோ முணுமுணுத்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே திரும்பி வந்தாள். அவன் எரிச்சலோடு, “ஒண்ணுமில்ல, போ” என்றான். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். தெருமுனையில் ஒரு வேன்.

என்ன முணுமுணுத்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. நான்கு மாதமாகத் தேடுகிறான். கிடைக்கவில்லை.

உள்ளே திரும்பி வந்து, ஈரத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவன் உதடுகளையே பார்த்தபடி அவள் கடைசியாகக் கேட்டது இதுதான்:

“என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க.”