1.12-க்கு முறிந்த கோடு

மாலை 3.40. கால்நடை மருத்துவமனையின் மருந்துக் குளிர்பெட்டியில் நாற்பது தடுப்பூசிகள் வீணாகிக் கிடந்தன. எட்டு டிகிரியைத் தாண்டினாலே குப்பைதான். மதியம் பதினாறு வரை ஏறியிருந்தது.

"கதவ தெலந்து போட்டது நீங்கதான்! நாளைலேந்து வேலைக்கு வலாதீங்க!" என்று நர்ஸ் மீது பாய்ந்தார் டாக்டர். 'ர'வும் 'ற'வும் வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ல' வந்தது. கோபத்தில் நாக்குக் குழறுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நர்ஸ் அழுதார். பூனைக்கு ஊசி போட வந்திருந்த அவருடைய நாத்தனார் எழுந்தாள். கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை. அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

"உங்களுக்காக இல்ல அண்ணி. என் பூனைக்கு ஊசி வேணும்" என்று லேப்டாப்பைத் திறந்தாள்.

3.55. குளிர்பெட்டியின் வெப்பமானி நிமிடத்துக்கு ஒன்றாகப் பதிந்த எண்களை மென்பொருளில் போட்டாள். ஒரே கோடு பொருந்தவில்லை. துண்டு துண்டாகப் பொருத்தினாள். 1.12 வரை தட்டையாகப் போன கோடு அங்கே முறிந்து விறுவிறுவென ஏறி, பிறகு வளைந்து மெல்ல இறங்கியது. 2.05-இல் இன்னொரு முறிவு. அதன்பின் சட்டென்று இறக்கம்.

"அண்ணி, ஒண்ணேகாலுக்கு எங்க இருந்தீங்க?"

"நாய்க்குக் கட்டுப் போட்டுட்டு இருந்தேன். ரெண்டரை வரைக்கும் நாயோட சொந்தக்காரர் பக்கத்துலயே நின்னார்."

"நீங்க?" என்று வரவேற்பாளர் பக்கம் திரும்பினாள்.

"சாப்பிட வீட்டுக்குப் போயிட்டு ரெண்டேகாலுக்குத்தான் வந்தேன்" என்றார் அவர்.

"டாக்டர்?"

"என் லூம்ல இலுந்தேன்."

4.20. நாத்தனார் திரையைத் திருப்பினாள்.

"கதவு திறந்து கிடந்தா சூடு ஏறினது ஏறினபடியே நிக்கும். இது தானா வளைஞ்சு இறங்குது. அப்போ கதவு மூடித்தான் இருந்திருக்கு. உள்ள கொதிக்கிற ஏதோ ஒண்ணு மெதுவா ஆறியிருக்கு. ரெண்டு அஞ்சுக்கு யாரோ அத வெளிய எடுத்திருக்காங்க. டாக்டர், நாக்க நீட்டுங்க."

நீட்டினார். நுனி செக்கச் செவேலென்று வெந்திருந்தது.

"சூப்பு" என்று முனகினார். "ஒலு வாய் குடிச்சேன், சுட்லுச்சு. ஆலட்டும்னு பாத்திலத்தோட உள்ள வெச்சேன். மன்னிச்சிலுங்க."

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான ஏழு வருடத்தில் முதன்முறையாக நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தொலைபேசியை டாக்டர் பக்கம் தள்ளினார்.

"மன்னிச்சாச்சு. தலைமை அலுவலகத்துக்கு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க."

மறுமுனையில் மேலதிகாரி எடுத்தார். டாக்டர் வாயைத் திறந்தார்.

"வணக்கம் சால்..."