சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால்

“இன்னும் ஒரு சுத்து இருக்கு, நல்லாப் பிடிண்ணே!” என்று கத்தினாள் ஷார்மைன்.

அவள் அண்ணன் டேரன் கிறிஸ்மஸ் தாத்தா தாடிக்குள் வியர்த்து வழிந்தான். “சீக்கிரம் லா. தாடி அரிக்குது!”

இருதயம் மாமா லீவு நாளில் தூண்டில் போடப் போகும் சின்னப் படகு அது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, அதைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாக விளக்குச் சரம் கட்டியிருந்தாள் ஷார்மைன். ஐந்து பிள்ளைகள் அதில் ஏறி, கேரல் பாட்டுப் பாடிக்கொண்டே கிள்ளான் ஆற்றைக் கடக்கப் போகிறார்கள். எதிர்க்கரையில் அவள் தோழி குளோரியா, சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள்.

“நீ கோயிலுக்கு வராட்டி என்ன? கிறிஸ்மஸே போட்டுல ஏறி உன் வீட்டுக்கு வரும்” என்று ஷார்மைன் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பொழுது சாய்ந்தது. மாமா தனியாக ஒரு வெள்ளோட்டம் விட்டார். படகுத்துறையில் நின்ற ஷார்மைனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆறே ஜொலித்தது!

எதிரே ஒரு மீன்பிடிச் சம்பான் படகு வந்தது. இடப்பக்கம் ஒடித்தது. உடனே வலப்பக்கம் ஒடித்தது. கடைசியில் ‘சொத்’தென்று சேற்றில் போய் ஏறியது.

“ஓய் போஸ்! நீ வர்றியா, போறியா?” என்று அலறினார் சம்பான்காரர்.

மாமா கரைக்கு வந்து முணுமுணுத்தார். “அந்த ஆளுக்குக் கண்ணு தெரியல.”

ஷார்மைனுக்கு மனசு கேட்கவில்லை. “எனக்கும்தான் தெரியல மாமா. நீங்க அந்தப் பக்கம் போறப்பகூட சிவப்பும் பச்சையும் தெரிஞ்சுது. என் பக்கம் வர்றீங்கன்னு நெனச்சேன்.”

மாமா தலையைச் சொறிந்தார். படகின் மூக்கில் இடப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு, வலப்பக்கம் ஒரு பச்சை. நடுக்கம்பில் ஒரு வெள்ளை. நேர் எதிரே நிற்பவருக்குத்தான் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டில் ஒன்றுதான். பின்னாலிருந்து பார்த்தால் வெள்ளை மட்டும். இருட்டில் படகு எங்கே போகிறது என்று சொல்பவை அவைதான். இன்று சரத்துக்குள் அந்த மூன்றும் தொலைந்துபோயிருந்தன.

மாமா கயிறு கட்டிச் சம்பானை இழுத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டு வந்தார். “பிள்ளைங்கள ஏத்திட்டு இப்படிப் போக முடியாதும்மா. இன்னைக்கு வேணாம்.”

ஷார்மைன் படகில் ஏறினாள். சரத்தை அவிழ்க்கத் தொடங்கினாள்.

“என்ன பண்றே? சரம் இல்லாட்டி கிறிஸ்மஸ் எங்கே?” என்றான் டேரன்.

“உன் தாடி இருக்குல்ல? போதும்!”

பிறகு அவள் குளோரியாவுக்குப் போன் போட்டாள். “வாசல்ல உக்காந்து ஆத்தையே பாரு. சிவப்பு மட்டும் தெரிஞ்சா, எங்க போட்டு தாண்டிப் போகுது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிஞ்சா...”

“தெரிஞ்சா?”

“நீயே கண்டுபிடி!”

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, லைஃப் ஜாக்கெட்ட மாட்டிட்டு ஏறுங்க.”

படகு ஆற்றோடு போனது. இடப்பக்கம், எதிர்க்கரையில் குளோரியா வீட்டு வாசல் நெருங்கியது.

“சிவப்பு மட்டும்தான்!” போனில் குளோரியா பதறினாள். “தாண்டிப் போறீங்களா?”

ஷார்மைன் சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா படகை மெல்ல இடப்பக்கம் திருப்பினார்.

இப்போது போனே தேவைப்படவில்லை. ஆறு முழுக்க அந்தக் குரல் கேட்டது.

“ரெண்டும் தெரியுது! அம்மா, ரெண்டும் தெரியுது! இங்கதான் வராங்க!”

பாட்டின் முதல் வரியை யாரும் எடுக்கும் முன்பே, எதிர்க்கரையில் கைதட்டல் தொடங்கிவிட்டது.