கடைசிக் குளியலறை

தையல்காரி கால்வாய்ப் பாலத்தருகே படகைக் கட்டியபோது பிற்பகல்தான். ஆனாலும் மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை. படகுகளுக்குக் கூரைத்துணி தைத்துக் கொடுத்தபடி கால்வாய் நெடுகப் போய்வருகிறவள் அவள். கணவர் போனபிறகு சுக்கானும் அவள் கையில்தான், சாப்பாடும் ஒரே தட்டில்தான். சில வாரங்கள் வாயைத் திறந்து பேசக்கூட ஆள் இருக்காது.

பாலத்தைத் திறந்து மூடுகிறவரைப் படகுக்காரர்கள் கேலியாகப் ‘பால்காரர்’ என்பார்கள். அவர் குடிநீர்க் குழாயைக் காட்டிவிட்டு, குளியலறைச் சாவியை நீட்டினார்.

"மத்த ரூமெல்லாம் ரிப்பேரும்மா. கோடியில இருக்கிறதுல போய்க் குளிங்க. வெந்நீர் வரும்."

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. அதையும் மீறி ஒரு சேற்று வாடை. வெந்நீர் தோளில் விழுந்ததும் அப்பாடா என்றிருந்தது.

வலப்பக்கச் சுவரை யாரோ மெல்லத் தட்டினார்கள்.

"அக்கா, தண்ணி சுடுதா?"

இளம்பெண்ணின் குரல். தையல்காரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"நல்லாவே சுடுது. அங்க வரலையா?"

"இங்க ஒரே சில்லுனு இருக்குக்கா."

"அடடா. நீ எந்தப் படகும்மா?"

"படகு போயிடுச்சு. என்னை விட்டுட்டே போயிட்டாங்க."

"அதெப்படி விட்டுட்டுப் போவாங்க?"

மறுபடியும் சுவரைத் தட்டும் ஓசை.

"நான் உங்ககூட வரட்டுமாக்கா?"

பாவம், சின்னப்பெண். தையல்காரி யோசிக்கவேயில்லை.

"வாயேன். நானும் ஒத்தைக் கட்டைதான்."

அவசர அவசரமாக உடுத்திக்கொண்டு, அவளை அழைத்துப்போக வெளியே வந்து வலப்பக்கம் திரும்பினாள்.

அங்கே அறை இல்லை.

கட்டடம் அவளுடைய அறையோடு முடிந்திருந்தது. சுவர் நேராகக் கால்வாய்க்குள் இறங்கியிருந்தது. கீழே கறுத்த தண்ணீர், அலையில்லாமல்.

வேகமாக வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். பால்காரர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"பேச்சுக் கொடுத்துச்சா?"

தலையசைத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வான்னு... சொல்லிட்டேன்."

அவர் ஓடிப்போய்ப் பாலத்தைத் திறந்தார்.

"எங்கயும் நிக்காதீங்கம்மா. போங்க!"

இன்ஜின் திணறத் திணற ஓட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாலம் பனியில் மறைந்து, வளைவுகள் பல கடந்து, ஆளரவமுள்ள ஒரு படகுத்துறையின் விளக்குகள் தெரிந்தபிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. கயிற்றைக் கட்டிவிட்டு உள்ளே வந்து, தான் படுக்கும் பலகையில் சரிந்தாள். வெளியே யாரோ சிரித்துப் பேசும் சத்தம். உயிர் பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது படகு அசைந்தது.

மெதுவாக எதிர்ப்பக்கம் சாய்ந்தது, கரையிலிருந்து ஓர் ஆள் ஏறினால் சாய்வதுபோல. எதிரே, கணவர் படுத்துவந்த பலகை கிறீச்சிட்டது.

படகு அதன்பிறகு நிமிரவேயில்லை.