கசப்பு குடித்த யானை

என் அம்மாவுக்கு என்னைவிட எலிகளைப் பற்றித்தான் அதிகம் தெரியும். எந்த எலி எப்போது தூங்கும், எந்த எலிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கேட்டால் பட்டென்று சொல்வார். "நான் எத்தனாவது படிக்கிறேன்?" என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

அம்மா ஆராய்ச்சிக்கூடத்தில் மருந்து கண்டுபிடிப்பவர். மூட்டு வீங்கிச் சுருண்டு கிடந்த எலிகள் அவருடைய மருந்தால் எழுந்து சக்கரத்தில் ஓடின. அடுத்து பெரியவர்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வீக்கம் குறைந்தது. இப்போது குழந்தைகளின் முறை. குழந்தைகளுக்கு மாத்திரை தொண்டையில் சிக்கும் என்று, அதையே மஞ்சள் நிறத்தில் திரவமாக்கியிருந்தார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தை ஒட்டிய வார்டில் நான்கு பிள்ளைகள் அந்த மருந்தைக் குடித்து வந்தார்கள். பள்ளி விட்டதும் அங்கே போய், மூலை மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவது என் வழக்கம்.

ஒரு நாள் அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"மருந்து பிள்ளைங்க ரத்தத்துல சேரவே இல்லடி. வெள்ளிக்கிழமையோட நிறுத்திடலாம்னு பெரிய டாக்டர் சொல்றார்."

"ஏம்மா சேரல?"

"அதான் யாருக்கும் புரியல. அவர் குடல்ல ஏதோ கோளாறுங்கிறார். நான் கல்லீரலா இருக்கும்னு நினைக்கிறேன். காலையில இருந்து இதே சண்டைதான்."

அன்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எலிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் வார்டில் நர்ஸ் அக்கா மருந்து ஊற்றிக் கொடுத்தார். நான்கு பேரும் ஒரே மடக்கில் வாயில் ஊற்றிக்கொண்டு, பூனை மாதிரி சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள்.

"தங்கக் கட்டிங்க!" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அக்கா தள்ளுவண்டியைத் திருப்பினார்.

உடனே யானை கிளம்பியது. அது கேப்டனுடைய பஞ்சு யானை. கேப்டன் என்பது எட்டு வயதுப் பையன். படுக்கையில் இருந்தபடியே எல்லோரையும் அதிகாரம் பண்ணுவதால் அந்தப் பெயர். அவன் யானைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு அனுப்பினான். அங்கே ஒரு முத்தம். அதற்கடுத்த இரண்டு கட்டில்களிலும் ஆளுக்கு ஒன்று.

"பொம்மைய எப்படி விட்டுக் கொடுக்குதுங்க பாரு! நீயும் கத்துக்கோ," என்றார் நர்ஸ் அக்கா என்னிடம்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கென்ன, விட்டுக் கொடுக்கத் தெரியாதா? ஆனால் ஒன்று உறுத்தியது. மருந்து நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த யானைக்காக இவர்கள் அடித்துக்கொள்வார்கள்!

நர்ஸ் அக்கா வெளியே போனதும் யானையைத் தூக்கினேன். ஊறிய துண்டு மாதிரி கனத்தது. வயிற்றை அழுத்தினேன். தும்பிக்கையிலிருந்து மஞ்சள் மருந்து சொட்டி என் காலுறை நனைந்தது.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!" என்றான் கேப்டன். "வேப்பெண்ணெயில சோப்பைக் கரைச்ச மாதிரி இருக்கு. வாயில வச்சிருந்து யானைக்குத் துப்பிடுவோம்."

"நீங்க குடிக்கலன்னா மருந்து வேலை செய்யலன்னு நிறுத்திடுவாங்கடா."

"நல்லதாப் போச்சு!"

"அப்போ உன் முட்டி?"

கேப்டன் போர்வையை இழுத்து முட்டியை மூடினான். "எங்க வீடு மூணாவது மாடி," என்றான் மெதுவாக. "அப்பா தூக்கிட்டுத்தான் ஏறுவார். ரொம்ப மூச்சு வாங்கும். கேட்டா, 'உடற்பயிற்சிடா'ன்னு சொல்வார்."

நான் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "நான் சொல்ல மாட்டேன். எங்கம்மாகிட்டயும் பெரிய டாக்டர்கிட்டயும் நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவன் யோசித்தான். "சரி. ஆனா அவங்களும் ஒரு வாய் குடிக்கணும்."

இதைவிட நியாயம் வேறென்ன இருக்கிறது? அம்மாவையும் பெரிய டாக்டரையும் கையோடு கூட்டி வந்தேன். கேப்டன் எல்லாவற்றையும் ஒப்பித்தான். அம்மா திறந்த வாயை மூடவே இல்லை.

"அப்படி என்ன கசப்பு?" என்றார் பெரிய டாக்டர்.

"நீங்க யாராவது இதை நாக்குல வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எலிக்குக் குழாய் வழியா நேரா வயித்துக்குள்ள விட்டோம்," என்றார் அம்மா. "பெரியவங்க மாத்திரையா முழுங்கிட்டாங்க..."

"எலியும் ஒண்ணும் சொல்லலையே," என்றார் பெரிய டாக்டர். ஒரு கரண்டி மருந்தை எடுத்து வாயில் விட்டார்.

அவருடைய புருவம் இரண்டும் நெற்றி உச்சிக்கு ஏறின. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு, வாஷ்பேசின் எங்கே என்று சுற்றிச் சுற்றி வந்தார். கேப்டன் பெரிய மனது பண்ணி யானையை நீட்டினான். பெரிய டாக்டர் ஒரு நொடி தயங்கினார். பிறகு யானைக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

வார்டே சிரித்தது. அம்மாவும் சிரித்தார்.

"குடலும் இல்ல, கல்லீரலும் இல்ல. யானைதான்!" என்றார் அம்மா கண்ணைத் துடைத்தபடி. "ஆனா இனிப்பு சேர்த்தா எல்லாத்தையும் முதல்ல இருந்து சோதிக்கணுமே. மாசக்கணக்காகும்."

"மருந்தை ஏம்மா மாத்தணும்? முதல்ல ஐஸ் கட்டி சப்பச் சொல்லுங்க. நாக்கு மரத்துப் போயிடும், ருசி அவ்வளவா தெரியாது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சில நாள் உங்க சமையலையே நான் அப்படித்தான் சாப்பிடுறேன்."

அம்மா முறைத்த முறைப்பில் ஐஸ் கட்டியே உருகியிருக்கும். ஆனாலும் முதலில் ஐஸ் சப்பி மருந்தைக் குடித்துப் பார்த்தவர் அவர்தான். முகம் லேசாகத்தான் கோணியது. பெரிய டாக்டர் முறைப்படி அனுமதி வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை மருந்தை நிறுத்தவில்லை.

நர்ஸ் அக்கா யானையைத் துவைத்து, காதில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார். மருந்து ரத்தத்தில் சேரத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வீக்கம் இறங்கவில்லை. ஒரு பாப்பாவுக்கு ரொம்பத் தாமதம். கேப்டனுக்குச் சீக்கிரம் இறங்கியது.

அவன் வீட்டுக்குப் போன நாளில் அம்மாவும் நானும் கூடவே போனோம். கேப்டன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினான். அவன் அப்பா யானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

மூன்றாவது மாடியில் நின்று கேப்டன் திரும்பிப் பார்த்தான். "என்னப்பா, யானை கனக்குதா?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லடா. இப்போ ரொம்ப லேசா இருக்கு."