காணாமல் போன ரிப்பேர் பில்கள்

காலை 9.40. கானாடுகாத்தான் வீட்டின் மாடியறையில் சுபலட்சுமி அலமாரியைத் திறந்தார். ஃபைல் இருந்தது. அதிலிருந்த பதினேழு ரிப்பேர் பில்களைக் காணவில்லை.

சென்னையில் வசிக்கும் அவருக்கு அது விடுமுறை வீடு. இரண்டு வருடமாக அதைச் செல்வினுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவன் சுற்றுலாக்காரர்களைத் தங்கவைத்துச் சம்பாதித்தான். ரிப்பேர் செலவு மட்டும் சுபலட்சுமியுடையது. வருமான வரிக் கணக்குக் கொடுப்பதற்காகத்தான் பில்களுடன் முந்தின நாள் வந்திருந்தார்.

"பணம் இருக்கு, வளையல் இருக்கு. வெறும் பில்லை எவன் திருடுவான்?" தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

10.15. வரி ஆலோசகர் ரிஹானா காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஃபைலைப் புரட்டினாள். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடன் வட்டிச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் இருந்தன.

"வீட்டு வரி ரசீது இருக்கே?" என்றாள் குழப்பத்துடன். "பில்லைப் பத்தி யார்கிட்டச் சொன்னீக ஆச்சி?"

"நேத்துச் சாயங்காலம் காப்பி குடிக்கையில சொன்னேன். நாளைக்கு ரிஹானா வந்து ஒவ்வொரு பில்லையும் வரி வரியாப் படிப்பான்னு. செல்வினும் சின்னத்தாயியும் இருந்தாக."

சின்னத்தாயி வீட்டைப் பெருக்கித் துடைப்பவள். அலமாரிச் சாவி சமையலறை ஆணியில்தான் தொங்கும்.

"சின்னத்தாயிதான் குப்பைன்னு அள்ளிப் போட்டிருக்கும். போலீசைக் கூப்பிடுங்க ஆச்சி" என்றான் வாசற்படியில் நின்ற செல்வின்.

அவன் பின்னால் நின்ற சின்னத்தாயி துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நான் தொடல ஆச்சி. எனக்கு எழுத்தே தெரியாது."

"தெரியாதவக ரசீதை விட்டுட்டுப் பில்லை மட்டும் எப்படிப் பிரிச்சு எடுப்பாக?" என்றாள் ரிஹானா. சுபலட்சுமி நிமிர்ந்து பார்த்தார்.

10.50. எல்லோரும் கீழே இறங்கினார்கள். ரிஹானா கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வெளிறிய சதுரம்.

"இங்குட்டு என்ன இருந்துச்சு?"

"பெல்ஜியம் கண்ணாடி. போன நவம்பர் மழையில விழுந்து நொறுங்கிருச்சு. ஆச்சிக்கு அப்பவே போன்ல சொல்லிட்டேன்" என்றான் செல்வின்.

"பில் எல்லாம் யார் யார் கொடுத்தது ஆச்சி?"

"கொத்தனார், பெயிண்டர், அப்புறம் மரவேலை பார்க்குற ஞானசம்பந்தம் ஆசாரி. தபால்ல வரும். தொகையைப் பார்த்துப் பணம் அனுப்பிட்டு ஃபைல்ல போட்டுடுவேன். எதையும் படிச்சதில்லை."

ரிஹானா வாசலுக்குப் போய் மூன்று பேருக்கும் போன் செய்தாள். ஆசாரியிடம்தான் நகல் இருந்தது. 11.30-க்குப் படம் வந்தது. அவள் சத்தமாகப் படித்தாள்.

"பிப்ரவரி பதினெட்டு. கட்டில் இரண்டு, பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்று, மெருகு போட்டது." செல்வினைப் பார்த்தாள். "நவம்பர்ல நொறுங்குன கண்ணாடிக்குப் பிப்ரவரியில மெருகா?"

செல்வின் வாசல் பக்கம் நகர்ந்தான்.

"கண்ணாடி நொறுங்கவே இல்ல. நல்ல விலைக்கு விக்க மெருகு போட்டீக. அந்தக் கூலியையும் ஆச்சி தலையில கட்டுனீக. நான் படிச்சா மாட்டிக்குவோம்னு பயந்தீக. ஒண்ணை மட்டும் எடுத்தா தெரிஞ்சுரும்னு பதினேழையும் எடுத்தீக. எங்க அது?"

"அடுப்புல போட்டுட்டேன்" என்றான்.

சுபலட்சுமிக்கு இன்னும் பிடிபடவில்லை. "பில் இல்லாம வரிக்கு என்ன பண்றது?"

"அது வேணவே வேணாம் ஆச்சி. வாடகையில நீங்க கட்டுன வீட்டு வரியைக் கழிக்கணும். மிச்சத்துல நூத்துக்கு முப்பதை ரிப்பேருக்குன்னு சட்டமே கழிச்சுக் கொடுத்துருது. செலவு பண்ணுனாலும் பண்ணாட்டியும் அதே முப்பதுதான். கடன் வட்டி தனி. வரியைக் கெடுக்க நினைச்சவன் ரசீதைத்தான் எடுத்திருப்பான். எதுக்கும் ஆகாத பில்லை எடுத்ததுதான் என்னை உறுத்துச்சு."

செல்வின் தலை தூக்கினான். "அப்ப... நான் எடுக்காம இருந்திருந்தா?"

"பிரிச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்."

12.05. சுபலட்சுமி போலீசுக்குப் போன் செய்துவிட்டு சின்னத்தாயியிடம் வந்தார். "நானும் ஒரு நிமிஷம் உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுரு. நாளைக்கு எப்பவும் போல வந்துரு."

சின்னத்தாயி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் ஆச்சி" என்று சொல்லி, தன் ஊருக்குப் போகும் கல்லல் பஸ்சுக்கு நடந்தாள்.