இரண்டு விநாடி... ஒரு மரணம்!

டெலிபோன் அலறியது!

பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்து எடுத்தான் மெக்கானிக்.

"மாப்ளே..."

மறுமுனையில் மச்சான். மனைவியின் அண்ணன். மரச்சாமான் கிடங்கு ஒன்றில் மேனேஜர்.

"சொல்லுங்க மச்சான்."

"முதலாளி போயிட்டார்!"

"எங்க போயிட்டார்?"

"செத்துப் போயிட்டார் மாப்ளே! உங்க லிஃப்டுக்கு அடியில... நசுங்கி..."

மெக்கானிக் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

உங்க லிஃப்ட்! ஆமாம், அவனுடையதேதான். சாமான் ஏற்றி இறக்கும் அந்த லிஃப்டுக்கு மூளை வைத்தவன் அவன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. அதற்குள் லினக்ஸ் என்ற இயங்குதளம். மோட்டார் எப்போது சுற்ற வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சொல்வது அதுதான்.

"எப்படி மச்சான்?"

"கரண்ட் போச்சு... வந்துச்சு... லிஃப்ட் தானா இறங்கிடுச்சு. நீங்க சொன்னீங்களே, ரெண்டு விநாடி கோளாறு... அதேதான்! போலீஸ் வந்தாச்சு. நான் வாயே திறக்கல. வந்ததும் முதல் வேலையா போர்டுல பதிவாகியிருக்கிற அந்த லாக்கை அழிச்சிடுங்க. என் தங்கச்சி நடுத்தெருவுல நிக்கக் கூடாது!"

போன் வைக்கப்பட்டது.

முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

இரண்டு விநாடி!

போர்டு கண் விழிக்கும் ஒவ்வொரு முறையும், புரோகிராம் கடிவாளத்தைப் பிடிப்பதற்கு முன்னால், மோட்டார் இரண்டு விநாடி தானாகச் சுற்றும். இறங்கும் திசையில்! பத்து நாளுக்கு முன்னால் கண்டுபிடித்தான். புரோகிராமை மாற்றிப் பார்த்தான். ஒயரை மாற்றிப் பார்த்தான். கடைசியில் பிடிபட்டது... போர்டிலிருந்து மோட்டாருக்குக் கட்டளை போகும் ஊசிமுனை, அந்த 'பின்', பிடிமானமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அரிசி மணி அளவில் ஒரு ரெசிஸ்டர் வைத்துக் கட்டியிருந்தால் அடங்கியிருக்கும்.

வைக்கவில்லை.

அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்துவிட்டான். சோம்பேறித்தனம்! அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

*

விடுமுறை நாள். கிடங்கில் கூலியாட்கள் இல்லை. அலமாரிகளும் கட்டில்களும் குத்துக்கல் மாதிரி நின்று வேடிக்கை பார்த்தன.

லிஃப்டின் அடியிலிருந்து ஒரு செருப்புக் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீங்கதான் இதை மாட்டினவரா?"

இன்ஸ்பெக்டர் அம்மாள். ஐம்பது வயது. வாயில் ஒரு பெப்பர்மிண்ட்.

"ஆமா மேடம்."

"கை ஏன் நடுங்குது?"

"வண்டி ஓட்டிட்டு வந்தேன்..."

"நானும்தான் ஓட்டிட்டு வந்தேன்!" கையை நீட்டிக் காட்டினாள். அசையவில்லை. "சரி, பெட்டியைத் திறந்து என்ன நடந்துச்சுன்னு பாருங்க. போட்டோகிராபரைப் பாத்துட்டு வரேன்."

நகர்ந்தாள்.

லேப்டாப்பை இணைத்தான். லாக் திறந்தது. போர்டு தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் டைரி அது.

'கண் விழித்தேன் - 10.17.'

அதே வரி கீழே வரிசையாக விழுந்திருந்தது. எல்லாம் 10.17. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது, குப்பை என்று நினைத்துக்கொண்டான்.

தோளுக்குப் பின்னால் சூடான மூச்சு. மச்சான்!

"அழிங்க மாப்ளே."

"மச்சான்... ஒரு உயிர்..."

"போன உயிர் திரும்பவா போகுது? இருக்கிற குடும்பத்தைப் பாருங்க. ஒரு பட்டன்! அவ்வளவுதான்!"

விரல் பட்டனுக்கு மேலே நின்றது.

லிஃப்ட் மாட்டிய அன்று முதலாளி தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார். 'தம்பி, இதுக்கு அடியில ஆள் நின்னா ஆபத்து இல்லையே?' என்று கேட்டார். 'தாராளமா நிக்கலாம் சார். ஆள் இருந்தா சென்சார் பாத்துடும், லிஃப்ட் இறங்கவே இறங்காது' என்று மார் தட்டினான் இவன்.

புரோகிராம் ஓடும்போதுதான் சென்சார் வேலை செய்யும். அந்த இரண்டு விநாடியில் அதுவும் குருடு! அதை முதலாளியிடம் அவன் சொல்லவேயில்லை.

பட்டனிலிருந்து விரலை எடுத்தான்.

"மேடம்!"

கத்தியே விட்டான்.

"மேடம், நான்தான் கொன்னேன்!"

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் நிதானமாக வந்தாள். "எதால?"

"சோம்பேறித்தனத்தால மேடம்!" கொட்டித் தீர்த்தான். போர்டு, பின், ரெசிஸ்டர், இரண்டு விநாடி... ஒன்றையும் மறைக்கவில்லை. "கைல விலங்கைப் போடுங்க!"

"விலங்கு எங்கயும் ஓடிடாது. ரெண்டு விநாடியில உங்க லிஃப்ட் எவ்வளவு இறங்கும்?"

"ஒரு சாண் மேடம். மெதுவா போற லிஃப்ட்."

"மேனேஜர் சார், லிஃப்ட் எங்கே நின்னுச்சுன்னு சொன்னீங்க?"

"மேல்... மேல் மாடியில."

"அங்கேர்ந்து தரை பத்தடி." பெப்பர்மிண்ட் கடக்கென்று உடைந்தது. "ஒரு சாண் இறங்குற லிஃப்ட் எப்படிய்யா பத்தடி இறங்குச்சு?"

மெக்கானிக் திகைத்தான்.

சட்டென்று லாக்கைப் பார்த்தான். எண்ணினான். ஒன்று... இரண்டு... ஐந்து... ஒன்பது...

பதின்மூன்று!

"மேடம்! இந்த போர்டுல கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. இங்க இன்டர்நெட்டும் இல்ல. பட்டுனு கரண்டைப் புடுங்கினா, திரும்பி எழும்போது கடைசியா சேத்து வச்ச நேரத்துலேர்ந்துதான் எண்ண ஆரம்பிக்கும்."

"தமிழ்ல சொல்லுங்க."

"அதனாலதான் எல்லாத்துலயும் 10.17. இது ஒரே வரி இல்ல மேடம்! பதிமூணு தடவை யாரோ போர்டை அணைச்சு அணைச்சுப் போட்டிருக்காங்க! தடவைக்கு ஒரு சாண்... பதிமூணு சாண்..."

"பத்தடி!"

"ஆனா... அவ்வளவு நேரம் ஒரு மனுஷன் அடியிலேயே இருப்பாரா? எழுந்து ஓட மாட்டாரா?"

"மாட்டார். பின்மண்டையில ஒரு அடி இருக்கு. லிஃப்ட் பட்டது நெஞ்சுல. மயக்கமா படுக்க வச்சிருக்காங்க." இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்தது. "பட்டனை அழுத்தினா சென்சார் விடாது. அதனால உங்க கோளாறையே ஆயுதமா எடுத்திருக்கான். இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்குத்தான் சொன்னேன்..."



மெல்லத் திரும்பினான்.

மச்சான் கதவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தான். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"கரண்ட் ஒரு தடவை போச்சுன்னுதானே வாக்குமூலம் குடுத்தீங்க மேனேஜர் சார்?"

"மேடம்... அது..."

"காலையில உங்க முதலாளி ஸ்டேஷனுக்கு போன் பண்ணார். 'கிடங்குலேர்ந்து சாமான் களவு போகுது. ஆள் யாருன்னு தெரிஞ்சுடுச்சு. நேர்ல வந்து சொல்றேன்'னார். வரல. நான்தான் வரவேண்டியதா போச்சு!"

"மாப்ளே! நீங்களாவது சொல்லுங்க! லாக்கை அழிக்கச் சொன்னது உங்களைக் காப்பாத்தத்தானே!"

மெக்கானிக் அவனையே பார்த்தான்.

"உங்க தங்கச்சி பேரைச் சொல்லித்தானே மச்சான் கேட்டீங்க? கொஞ்சம் விட்டிருந்தா அழிச்சிருப்பேனே!"

மச்சானின் தலை தொங்கியது. விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது.

மெக்கானிக் ஒரு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அப்ப நான் கொல்லலையா மேடம்?"

"கொல்லல. ஆனா கத்தியைத் தீட்டி, அது இருக்கிற இடத்தையும் சொல்லிட்டு வந்தது நீங்கதான். கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்ல எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க மேடம். எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

அவன் சட்டைப் பையில் மொபைல் துடித்தது. திரையில் மனைவி! அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவள். அவன் எடுக்கவில்லை. மறுபடியும் துடித்தது.

"பேசுங்க சார்!" என்றாள் இன்ஸ்பெக்டர், ஜீப்பில் ஏறிக்கொண்டே. "உங்க மச்சானை நான் விசாரிச்சுக்கறேன். உங்களை உங்க வீட்டம்மா விசாரிக்கட்டும். அவங்க விசாரணையில அடி அதிகம்னா சொல்லுங்க... பக்கத்து லாக்கப் காலியாத்தான் இருக்கு!"