ஸ்கேனில் உட்கார்ந்திருந்தவர்

மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு, திருவாரூர் போகும் வழியில் இருந்த அந்தப் பழைய வீட்டின் முன் பைக்கை நிறுத்தினேன். நான் ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டர். கட்டின பொண்டாட்டியின் முகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது!

சான்ட்ரா பழைய கட்டடங்களைச் சீர்செய்கிற ஆர்க்கிடெக்ட். பூட்டிக்கிடந்த அந்த வீட்டை, சுண்ணாம்புச் சுவர் கெடாமல், ஓட்டலாக மாற்றும் வேலை. நல்ல வேலைதான். ஆனால் எந்நேரமும் அதே பேச்சு. அந்தச் சுவரை அவள் தடவிப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! என்னை அப்படித் தொட்டு எத்தனை நாளாயிற்று? எரியாதா எனக்கு?

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே குளிர்ந்தது. சுண்ணாம்பில் கலக்க ஊறப்போட்ட கடுக்காயும் வெல்லமும் புளித்து வாடை அடித்தது.

"உள்ள வராதீங்க லியோ, ஸ்கேன் ஓடுது" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

மூன்று கால் ஸ்டாண்டில் அந்த மெஷின் மெதுவாகச் சுற்றிக் கூடத்தைப் புள்ளி புள்ளியாகப் பதிவுசெய்தது. அப்போது கூடத்தில் யாரும் இருக்கக்கூடாது. நடமாடுகிறவர்களைக் கம்ப்யூட்டர் அழித்துவிடும். அசையாமல் இருப்பது மட்டும் படத்தில் நிற்கும்.

சாப்பிட்டபடியே லேப்டாப்பைக் காட்டினாள். காலிக் கூடம். தூணில் சாய்ந்து ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

"யாரு இது?"

"சாரங்கபாணி. ஓனரோட சித்தப்பா. கடைசிவரைக்கும் தனியா இங்கதான் இருந்தாராம். செத்துப் பல வருஷமாச்சு." சிரித்தாள். "மொதல்ல பயந்தேன். இப்ப பழகிருச்சு. ஒவ்வொரு ஸ்கேன்லயும் நான் நிக்கிற பக்கமா கொஞ்சம் நகந்து உக்கார்றார். பாவம்."

பாவமாம்! பேயைக் கண்டால் பயம் வரவேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது.

"இன்னொரு ஸ்கேன் போடு. நாம ரெண்டு பேரும் உக்காரலாம்."

"வேணாங்க. யாரும் இருக்கக் கூடாது."

"அந்தாளு மட்டும் இருக்கலாமாக்கும்?"

என் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். மெஷினை ஓடவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

புளித்த வாடை கிட்டே வந்தது.

இன்னும் கிட்டே.

என் தோளை ஏதோ இடித்தது. பஸ்ஸில் இடம் கேட்கிறவர் இடிப்பாரே, அப்படி.

நான் அசையவே இல்லை. சத்தியமாக அசையவில்லை.

படத்தில் சான்ட்ரா இருந்தாள். அவளை ஒட்டி, நான் உட்கார்ந்த இடத்தில், சாரங்கபாணி.

"நான் எங்கடி?"

"அசைஞ்சிருப்பீங்க" என்றாள். கண் திரையிலேயே இருந்தது.

வீடு திரும்பும்போது அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். மூன்று பேரை ஏற்றியதுபோல் பைக் திணறியது.

கைகழுவிவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தேன். ஒரு தட்டு அவளுக்கு, ஒரு தட்டு என் இடத்தில். என் நாற்காலியை இழுத்தேன்.

நகரவில்லை. ஆள் உட்கார்ந்த கனம்.

"கொழம்பு போதுமா லியோ?" நாற்காலியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நான் இங்க நிக்கிறேன் சான்ட்ரா!"

திரும்பவில்லை. மேஜையைத் தட்டிக் கத்தினேன். அவள் இமைகூட அசையவில்லை. குழம்பு வாசனையை மீறிக் கடுக்காய் வாடை எழுந்தது.

"எங்க போய் இவ்ளோ சுண்ணாம்ப ஒட்டிட்டு வந்தீங்க?" என்று செல்லமாகக் கேட்டுக்கொண்டே கையை நீட்டினாள். வெறும் காற்றில், ஒரு தோள் இருக்கவேண்டிய உயரத்தில், மெதுவாகத் தடவித் துடைத்தாள்.

தரையில் வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது.